இரவு 12 மணி கெடு யாருக்காக?

ஆசிரியருக்கு வணக்கம்.

பம்புசெட் மோட்டார் சூடாவதை முன்கூட்டியே சொல்லும் சிறு கருவி ஒன்றைக் கோவையில் செய்துவருகிறோம். சமீபத்தில் ஒரு நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பத்தோடு தரவேண்டிய ஸ்லைடுகளைத் தயாரிக்க ராத்திரி பகலாக உட்கார்ந்தது எங்கள் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 10 ஸ்லைடு போதும் என்று அறிவிப்பில் சொன்னவர்கள், கோப்பு 5 எம்பியைத் தாண்டக்கூடாது என்பதைப் பதிவேற்றும் பக்கத்தில்தான் சொல்கிறார்கள். அப்புறம் என்ன, கருகிப்போன மோட்டார் காயிலின் (கம்பிச்சுருளின்) படத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் அது காயிலா கருவாடா என்று எங்களுக்கே தெரியவில்லை. விவசாயிகள் சொன்னதைத் தமிழிலேயே போட்டிருந்தோம், பிடிஎஃப் ஆக்கியதும் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே போய் நின்றன. அதைச் சரிசெய்து, இரவு 12 மணிவரை நேரம் இருக்கிறதே என்று 10 மணிக்கு அனுப்பப் போனால், தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உதவி எண்ணோ மாலை 6 மணியோடு சரி.

புதுத் தொழில் நிறுவனங்களுக்கு ஆரம்பப் பணம் தர 2021-ல் வந்த மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டத்தில் ஆண்டு முழுக்க விண்ணப்பம் வாங்கும் முறையை வைத்தார்கள். மற்றவர்களும் அப்படிச் செய்தால் என்ன? முடியாதென்றால், கெடுவை மாலை 5 மணி என்றே வையுங்கள், போனை எடுக்க ஆளாவது இருப்பார். கோப்பின் அளவை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை.