செல்வி பெயரைச் சேர்த்துவிடுங்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவும் செல்வியும் எப்படி இருக்கிறார்கள்? அமெரிக்கக் குளிர் சார்லட்டில் ஆரம்பித்துவிட்டது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. உங்கள் பேரன் ஸ்வெட்டர் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். அம்மா போனில் ஒரு அதட்டு போட்டால்தான் கேட்பான்.

போன மாதம் மரங்கள் நிறம் மாறுவதைப் பார்க்க வில்க்ஸ் மாவட்டத்துப் பக்கம் போயிருந்தோம். புளூ ரிட்ஜ் மலையடிவாரம், ஆப்பிள் தோட்டமும் கோழிப் பண்ணையுமாக இருக்கும் பூமி. அந்த ஊர்ச் சிப்பாய் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது.

அவர் பெயர் மோஸ் டிரிப்லெட். 1846-இல் பிறந்தவர். வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் பதினாறு வயதில் தெற்குப் படையில் சேர்ந்தார். 1863-இல் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். அவருடைய 26-வது வட கரோலினா ரெஜிமென்ட்டில் சுமார் 800 பேர் அந்தச் சண்டைக்குப் போனார்கள். 700-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், காயம்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். மோஸ் ஆஸ்பத்திரியிலிருந்தே ஓடிவிட்டார். மறு வருஷம் வடக்குப் படையில் சேர்ந்து தன் பழைய ஆட்களுக்கு எதிராகவே துப்பாக்கி பிடித்தார். படையை விட்டு ஓடியவரைப் படைவீரரான நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஊரும் மன்னிக்கவில்லை. பல வருஷம் கழித்துப் பிறந்த மகளைக்கூடப் பள்ளியில் துரோகி மகள் என்று சீண்டினார்களாம்.

போர் முடிந்ததும் மலையடிவாரத்திலேயே விவசாயம் பார்த்தார். முதல் மனைவி இறந்தபின், 1924-இல், 78 வயதில், எலிடா என்ற 34 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். 1930-இல் மகள் ஐரீன் பிறந்தபோது அவருக்கு 83 வயது. 1938-இல் கெட்டிஸ்பர்க் போரின் 75-வது ஆண்டு விழாவுக்குப் போய்வந்தார், அதே மாதம் இறந்தார். கல்லறையில் உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் என்று மட்டும் இருக்கிறதாம். எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதவில்லை.

நான் சொல்ல வந்தது ஐரீனைப் பற்றித்தான். தாய்க்கும் மகளுக்கும் மனவளர்ச்சிக் குறைபாடு. அப்பா போன பிறகு இருவரும் ஆதரவற்றோர் இல்லத்துக்கு வந்தார்கள். ஐரீன் கடைசிவரை இப்படிப்பட்ட இல்லங்களிலேயே இருந்தார். ஆனால் வடக்குப் படைச் சிப்பாயின், தனியாகப் பிழைக்க முடியாத மகள் என்பதால் அரசாங்கம் மாதம் 73 டாலர் 13 சென்ட் கொடுத்துவந்தது. அவர் இறந்தது 2020 மே மாதம், 90 வயதில். 1865-இல் முடிந்த போருக்கு அதுவரை பென்ஷன் போயிருக்கிறது, அப்பா! பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் அப்பன் உழைப்பு அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் செல்விக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, உங்களுக்கும் அம்மாவுக்கும் பிறகு, ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவள் பெயர் உங்கள் பென்ஷன் ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவச் சான்று வாங்கிச் சேர்க்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்வார்கள். "நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி இதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் இருக்கிறேன், அவளை விட்டுவிட மாட்டேன். இருந்தாலும் அண்ணன் கையை எதிர்பார்க்காமல் அவள் பெயருக்கே ஒரு பணம் வரட்டும்.

வாழ்நாள் சான்றுக்கு எப்படியும் இந்த மாதம் டவுனுக்குப் போவீர்கள். அப்படியே செல்வியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். ஆட்டோவே வைத்துக்கொள்ளுங்கள், பஸ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

உங்கள் மகன்,
முருகன்