கார் சார்ஜிங் நேரம் பற்றி

எல்லோருக்கும் வணக்கம். சாயங்காலம் வந்ததும் காரைச் சார்ஜில் போடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான் இந்தச் செய்தி. வீட்டுச் சார்ஜர் ஒன்று 7 கிலோவாட் வரை இழுக்கும், நாலைந்து ஏசி ஒன்றாக ஓடுவது போல; 10 வீட்டில் 7 மணிக்கே போட்டால் 70 கிலோவாட், அதுவும் சமையல், விளக்கு, ஏசி எல்லாம் ஓடுகிற அதே நேரத்தில், நம் டிரான்ஸ்ஃபார்மர் 100 கேவிஏ (ஏறக்குறைய 100 கிலோவாட் வரை தாங்குவது) என்றால் அதற்கு மூச்சு முட்டிவிடும். பெரியதாக மாற்றலாம்தான், ஆனால் ரெண்டு மணி நேர நெருக்கடிக்கு அவ்வளவு செலவா? இரவு 11-க்கு மேல் டைமர் வையுங்கள், போதும்.

மதியம் கதை தலைகீழ். கூரை சோலார் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும், பயன்படுத்த ஆள் இருக்காது, லைனில் வோல்டேஜ் ஏறி, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் (நல்ல வெயிலில் சோலார் ஆப்பில் உற்பத்தி பூஜ்யம் என்று காட்டினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்). தண்ணீர் மோட்டார், ஹீட்டர், வாஷிங் மெஷின், வீட்டில் சும்மா நிற்கிற கார், எல்லாவற்றையும் அப்போது ஓட்டுங்கள்.

அப்புறம், எல்லோரும் சரியாக 11 என்றே வைத்துவிடாதீர்கள், அது இன்னொரு உச்சம் ஆகிவிடும். ஆளுக்கொரு நேரமாக இங்கேயே எழுதிவிடுங்கள்.