தாத்தா கையில் வாட்ச் இல்லாத போட்டோ

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. போன் செய்தால் ‘அப்புறம் பேசறேன்மா’ என்று வைத்துவிடுகிறாய், அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். அவசரம் ஒன்றுமில்லை, சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படி. காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

பொன்மலைப்பட்டி வீட்டை மாமா இடித்துக் கட்டப் போகிறார் என்று சொன்னேன் இல்லையா, பரணில் கிடந்த தகரப்பெட்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. ‘நீங்களே வச்சுக்குங்க அண்ணி, உங்களுக்குத்தான் யார் யாருன்னு தெரியும்’ என்று மாமி கொடுத்து அனுப்பினாள். பெட்டி முழுக்கத் தாத்தாதான். சிலதைப் பூச்சி அரித்துவிட்டது. கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படம் ஈரம் இறங்கிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்கப் பார்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும், கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணிக்கலாம் என்று பாலக்கரை ஸ்டூடியோக்காரர் சொன்னார். எனக்கு அதையெல்லாம் கடையில் கொடுத்துவிட்டு வர மனசில்லை. நீ வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து செய்துவிடலாம். அப்பாவுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

எல்லாப் படத்தையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கவனித்தேன். எந்தப் படத்திலும் தாத்தா நேராகப் பார்க்கவில்லை. முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, வலது காதைக் கேமராக்காரருக்குக் கொடுத்தபடிதான் நிற்கிறார். ‘ரெடி’ என்று சொல்வது கேட்க வேண்டுமே. இடது காது நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. கல்யாணப் படத்தில் மட்டும் நேராகப் பார்க்கிறார், அப்போது காது நன்றாக இருந்திருக்க வேண்டும்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஷாப் வேலை அப்படி. என்ஜின் நெருப்புப் பெட்டிக்குள் ஒருத்தர் குனிந்து போய் உட்கார்ந்து ரிவெட் ஆணிக்குத் தாங்கு பிடிக்க, வெளியே ஒருத்தர் அதை அடிப்பார். நாலு பக்கமும் இரும்பு. அடிக்கிற சத்தம் முழுக்க உள்ளே இருப்பவர் காதுக்குள்தான் இறங்கும். 18 வயதில் அப்ரண்டிஸாகப் போனவர் 58-ல் ரிட்டயர் ஆகும்வரை, இடையில் கொஞ்ச காலம் தவிர, அந்த ஷாப்தான். அவருடைய அப்பா நாகப்பட்டினம் ஒர்க்‌ஷாப்பில் இருந்து, ஒர்க்‌ஷாப் பொன்மலைக்கு மாறியபோது கூடவே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர். நாம் திருச்சிக்காரர்கள் ஆனதே அப்படித்தான். 1946-ல் ஸ்டிரைக்கின்போது பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் செத்தபோது தாத்தாவுக்குப் பதினாறு வயது. செப்டம்பர் 5 வந்தால் வேலைக்குப் போகும் வழியில் சங்கத் திடலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

குன்னூர் ஷெட்டில் எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னவனாக இருந்தபோது ‘ஊட்டி ரயில் தாத்தா’ என்று சொல்லித் திரிந்தாயே, அதேதான். ரயில்வே பாஸில் எல்லோரும் ஊட்டி போனோம். அம்மாச்சி ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போர்த்திக்கொண்டு நிற்கிறாள், மாமா அழுகிறான், தாத்தா மட்டும் எங்களோடு இல்லை. தள்ளிப் போய் என்ஜின் பக்கத்தில் நிற்கிறார், உள்ளங்கை பாய்லர் மேல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் செய்த பல்சக்கர என்ஜின்கள் அவை. பழுதுபார்க்கப் பொன்மலைக்குத்தான் வரும். ‘இதுக்கு உள்ள நான் போயிட்டு வந்திருக்கேன்’ என்று அன்றைக்கு டிரைவரிடம் சொன்னார். அந்த டிரைவர் இறங்கி வந்து கை கொடுத்ததை நான் பார்த்தேன். பிறகு பொன்மலையிலேயே புதிதாக மலை என்ஜின் செய்து அனுப்பினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

உன் இன்ஜினியரிங் சீட் விஷயத்தைக்கூட அவர் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறாது. நீ நாலாவது படிக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கருவாட்டுக்காரம்மாவிலிருந்து தேங்காய்க்காரர் வரைக்கும் ‘பேரன் கணக்குல நூத்துக்கு நூறு’ என்று சொல்லிக்கொண்டு போனவர். நம் வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவன் நீ. அதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதே கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் திதிக்கு இந்த வருஷமும் நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. ஆனால் அன்றைக்குப் பதினொரு மணிக்கு நீ போன் செய்தபோது பின்னால் குக்கர் விசில் கேட்டது தம்பி. வேலை நாள்தானே அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதே என்று அப்பாவும் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வந்திருந்தபோதும் நீ லேப்டாப்பைத் திறக்கவேயில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. ராத்திரி நேரத்தோடு தூங்கு. மூன்று மணிக்கு வாட்ஸ்ஆப்பில் இருப்பது உடம்புக்கு ஆகாது.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு படம்.

பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. 1975. மாப்பிள்ளை வீட்டார் போட்டோக்காரர் வைத்திருந்தார்கள், அதனால் நாமும் அதில் விழுந்தோம், இல்லையென்றால் அந்த வருஷம் நமக்கு ஏது போட்டோ. தாத்தா பின் வரிசையில் ஓரமாக நிற்கிறார். சட்டை தோளில் தொங்குகிறது, அது அவர் சட்டை இல்லை. தோளில் போட்ட துண்டை இழுத்து இடது மணிக்கட்டு மேல் விட்டிருக்கிறார். நான் ரொம்ப நாள் அது அவர் நிற்கிற வாகு என்றே நினைத்திருந்தேன். இப்போது மற்ற படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய சில வருஷத்துப் படங்களில் எல்லாம் அந்தக் கையில் ஹெச்.எம்.டி. வாட்ச் இருக்கிறது. இதில் இல்லை. 1978-ல் சித்தி காதணி விழாப் படத்தில் மறுபடியும் இருக்கிறது. அதில் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு நிற்கிறார்.

அந்த வாட்ச் எங்கே போனது என்று அம்மாச்சி கடைசிக் காலத்தில்தான் என்னிடம் சொன்னாள். அடகுக் கடைக்கு.

1974 மே 8-ம் தேதி நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக் ஆரம்பித்தது. போனஸ் வேண்டும், என்ஜின் ஓட்டுகிற லோகோ ஆட்களுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று 17 லட்சம் பேர் இறங்கினார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைவர். ஆயிரக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்கள். மே 27-ல் ஸ்டிரைக்கை வாபஸ் வாங்கினார்கள், பல பேருக்கு வேலை போயிற்று. தாத்தாவுக்கும் போயிற்று. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காலனியில் சில வீடுகளில் அதை மூடி மறைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தினமும் சங்கு ஊதுகிற நேரத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் கிளம்பி, எங்கோ சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல.

தாத்தா அப்படிச் செய்யவில்லை. ராத்திரி எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை பொறுத்திருந்து, ‘எனக்கு வேலை போயிடுச்சு’ என்றார். காது கேட்காதவர் இல்லையா, சத்தமாகத்தான் சொன்னார், தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மாச்சி அழுதாள். எனக்கு என்ன புரிந்ததோ, பள்ளிக்கூடம் போக வேண்டாமா என்று கேட்டேன். ‘நீ போ, நீ போகாம யார் போறது’ என்றார். மறுநாளே அம்மாச்சி எந்தச் செலவைக் குறைப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். தாத்தா தனியாக எதையும் சுமக்கவில்லை. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தோம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பொன்மலைப்பட்டியில் அந்த ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். அட்வான்ஸுக்குத்தான் வாட்ச். அரியமங்கலம் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். பாய்லர் செய்த கை ஜன்னல் கம்பி வளைத்தது. கூட வேலை செய்த பையன்களுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது, ‘பெரிசு’ என்று கூப்பிடுவார்கள். அதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தப் பையன்களில் இரண்டு பேருக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்து, பின்னால் அவர்கள் திருவெறும்பூரில் நல்ல வேலையில் சேர்ந்தார்கள். தாத்தா போனபோது முதல் மாலை அவர்களுடையது, நீயே பார்த்திருக்கிறாய்.

1977-ல் ஆட்சி மாறியதும் வேலை போனவர்களைத் திரும்ப எடுத்தார்கள். மூன்று வருஷம் தம்பி. மூன்று வருஷம் என்பது சின்னக் காலம் இல்லை, ஆனால் முடிந்தது. ஸ்டிரைக்கில் கேட்ட போனஸும் 1979-ல் வந்தது. வாடகைக்குப் போன அதே ஓட்டு வீட்டை ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் தாத்தாவே வாங்கினார்.

1988 ரிட்டயர்மென்ட் குரூப் போட்டோவையும் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வரிசை ஆட்கள், நடுவில் ஆபீசர், பக்கத்தில் நாற்காலியில் மாலையோடு தாத்தா. கை இரண்டையும் முட்டி மேல் விரித்து வைத்திருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வலது கட்டைவிரலில் அந்தச் சூட்டுத் தழும்பு தெரிகிறது. மேல் வரிசையில் இரண்டாவதாக நிற்கிறவர் யார் தெரியுமா? தூக்கைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் சுற்றியவர். அவரையும் 77-ல் திரும்ப எடுத்தார்கள். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் வந்த வயிற்றுப்புண் அவரைக் கடைசிவரை விடவில்லை. வீட்டில் சொல்லியிருந்தால் பாதி வந்திருக்காது என்று அம்மாச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் சும்மா தாத்தா கதை என்று வைத்துக்கொள்.

இன்னொரு விஷயம். இந்த மாதத்திலிருந்து நீ பணம் அனுப்ப வேண்டாம். மாடி பூச்சு வேலை முடிந்துவிட்டது, அப்பா பென்ஷனே எங்களுக்கு மிச்சம். போன மாதம் அனுப்பியதையும் தொடாமல் உன் பேரிலேயே போட்டு வைத்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஈ.எம்.ஐ. ஏதாவது இடித்தால் அப்பாவிடம் கேள், என்னிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால். கேட்பதில் ஒன்றும் இல்லை. சரியாகச் சாப்பிடு. வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைக் குறை, ராத்திரி தூங்கு.

சித்தி பெண்ணுக்கு வைகாசியில் நிச்சயம். அதற்குத்தான் வர வேண்டும் என்று இல்லை, அதற்கு முன்னாலேயே வா. மைசூரிலிருந்து வருகிற ராத்திரி வண்டியில் ஏறினால் விடிவதற்குள் திருச்சி, அப்பா ஜங்ஷனுக்கு வந்துவிடுவார். எத்தனை நாள் என்றெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு வராதே. மாடி ரூமிலிருந்த அரிசி மூட்டையைக் கீழே இறக்கிவிட்டோம், ஃபேனையும் மாற்றியாகிவிட்டது. உன் பழைய மேசை அங்கேயேதான் இருக்கிறது. அங்கே இருக்கிற சாமான்களில் எது வேண்டுமோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே வா.

இப்படிக்கு,
அம்மா