நாலு வயசுக் கடுவன் நாயைப் பழக்குவது பற்றி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மச்சான் வெளிநாடு கிளம்பும்போது நாலு வயது ராஜபாளையம் நாயை உன் வீட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார், அது ஒருவர் பேச்சையும் கேட்பதில்லை, "நாலு சாத்து சாத்தினால் அடங்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இவ்வளவும் எழுதியிருக்கிறாய். கையை ஓங்குமுன் அதன் காதைச் சோதித்துப் பார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தோலுக்கு நிறம் தரும் அதே உயிரணுக்கள் உள்காதுக்கும் தேவை. அதனால் முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. அது உனக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கும்போது பத்தடி பின்னாலிருந்து எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டு. காலால் தரையைத் தட்டிவிடாதே, அதிர்வை உணர்ந்து திரும்பும், நிழலும் ஏமாற்றும். சத்தம் கேட்டும் எதிர்ப்பக்கமாகத் தேடினால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். எப்படியானாலும் கால்நடை டாக்டரிடம் ஒருமுறை கொண்டு போ. உண்ணிக் காய்ச்சலோ மூட்டு வலியோ இருக்கிற நாயும் சொன்னதைச் செய்யாது. வெறிநாய்க்கடி ஊசி போட்ட தேதியையும் மச்சானிடம் கேட்டு வை.

"நீதான் தலைவன் என்று காட்டு, மல்லாக்கப் போட்டு அமுக்கு" என்று இன்னும் சொல்லித் தருகிறார்கள். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் தன் பழைய கருத்தையே திருத்திக்கொண்டார். முப்பது கிலோ நாயை அமுக்கினால் உன் முகம் அதன் வாய்க்கு அரையடியில் இருக்கும், அவ்வளவுதான் பலன்.

இது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். ஆளைக் கேட்காமல் தானே முடிவெடுக்கிற நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து எடுத்தார்கள். அதைத்தான் நாம் திமிர் என்கிறோம். உன் பேச்சுக்கு அதனிடம் இன்னும் மதிப்பு சேரவில்லை, சேர்க்க வேண்டும்.

முதலில் சாமான். தலை குறுகல், கழுத்து தடி. சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்கு, அல்லது உடம்பைச் சுற்றி மாட்டுகிற, நெஞ்சுப் பக்கமும் வளையம் உள்ள பாடி பெல்ட். ஆறடிக் கயிறு ஒன்று, முப்பதடி நூல் கயிறு ஒன்று. நைலான் வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். நீளக் கயிற்றைக் கழுத்தில் மாட்டாதே, பாடி பெல்ட்டின் முதுகு வளையத்தில் மாட்டு. பாய்ந்த வேகத்தில் கயிறு தீர்ந்தால் கழுத்து என்ன ஆகும் யோசி.

தட்டை நாள் முழுக்க நிரப்பி வைக்காதே. காலை மாலை இரண்டு வேளை, கால் மணி நேரத்தில் எடுத்துவிடு. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி 150 கிராம், பட்டாணி அளவு துண்டாக்கினால் ஒரு நாளுக்குப் போதும். அந்த அளவுக்குச் சோற்றைக் குறை. பாடம் எப்போதும் சாப்பாட்டுக்கு முன்தான். நெஞ்சு ஆழமான நாய், வயிறு நிறைந்ததும் ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முதல் மூன்று நாள் எந்தக் கட்டளையும் வேண்டாம். பெயரைச் சொல், திரும்பிப் பார்த்த நொடியில் "சபாஷ்", உடனே கோழித் துண்டு. இரண்டு நொடி தாமதித்தால் அதற்குள் அது செய்த வேறு எதற்கோ கூலி கொடுத்ததாகிவிடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தடவை. பிறகு "நில்", பாயில் "படு", "வா". உட்காரச் சொல்லி மல்லுக்கட்டாதே. ஒல்லியான உடம்பும் நீளமான காலும் உள்ள இந்த வகைகளுக்கு அது சுகமான இருப்பில்லை. இன்னொன்று: "படு", "விடு", "கொடு" மூன்றும் "டு"வில் முடிகிறது, நாய் குழம்பும். வாயில் இருப்பதை வாங்க "தா" என்று வைத்துக்கொள், தந்ததும் அதைவிட நல்லதைக் கொடு. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். நீ "வா", அக்கா "வாடா கண்ணு", பையன் "கம்" என்றால் அது மூன்று பாடம். ஒரு முறைதான் சொல்ல வேண்டும். ஐந்து முறை சொன்னால் ஐந்தாவதுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.

ஐந்து தடவையில் ஐந்தும் சரியானால் அடுத்த படி. மூன்று, நாலு என்றால் அங்கேயே நில். அதற்கும் குறைந்தால் ஒரு படி இறங்கு. நேரம், தூரம், இடைஞ்சல் மூன்றையும் ஒரே நாளில் கூட்டாதே. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: கூடத்தில் செய்ததைத் தெருநாய்களுக்கு நடுவே எதிர்பார்ப்பது. தெருநாயைப் பார்த்தும் அது துண்டைத் தின்கிற தூரம் எதுவோ, அதுதான் அன்றைய வகுப்பறை. அறுபதடி என்றால் அறுபதடி. தெருவில் பெட்டை சூட்டுக்கு வந்த வாரங்களில் கோழியைக்கூட மோந்து பார்க்காது. அப்போது வீட்டுக்குள் பழைய பாடத்தையே ஓட்டு.

"வா" என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டாதே, சங்கிலி மாட்டாதே, அடிக்கவே அடிக்காதே. மச்சான் வீட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்; "இங்கே" என்று புதுச் சொல் தொடங்கிவிடு.

தட்டருகே உறுமினால் அதற்கு அடிக்காதே. அடித்தால் உறுமல்தான் நிற்கும், அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். ஆறடி தள்ளி நின்று ஒரு கோழித் துண்டை வீசிவிட்டுப் போய்விடு. உடம்பு இளகி உன்னை எதிர்பார்த்துப் பார்க்க ஆரம்பித்தபின் அரையடி கிட்டே போ. உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கு அதோடு விடு. பையனை அந்தப் பக்கம் விடாதே. இதற்குள் ஒருமுறை கடித்தே இருந்தால் என் கடிதத்தை நம்பாமல், அடிக்காமல் பழக்குகிற ஆளாகப் பார்த்து நேரில் வரவழை.

காயடித்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தாய். சுற்றப் போவதும் கண்ட இடத்தில் கால் தூக்குவதும் குறையலாம். சொல் பேச்சு கேட்பது அதில் வராது.

நாயின் பெயரை நீ எழுதவே இல்லை. "ராஜா" என்றால் அதுவும் "தா"வும் ஒரே ஓசையில் முடிகிறது, கவனி. டம்ளர் தட்டியதில் என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
பாண்டி