பெயிண்ட் வெறும் அழகுக்கு இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

வீட்டுலயே விமானம் கட்டுறவங்களை பத்தி நீங்க போட்ட கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசியில "எல்லாம் முடிஞ்சதும் பிடிச்ச கலர் அடிச்சா போதும்"னு ஒரு வரி வருது பாருங்க, அதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. நானும் ஒரு நண்பரும் ரெண்டு பேர் உக்கார்ற அலுமினிய விமானம் ஒண்ணு கட்டினவங்க.

பெயிண்டுக்கு அடியில அடிக்கிற ப்ரைமர் பூச்சு கடைசி வேலையே இல்ல. தகடும் தகடும் ஒட்டி உக்கார்ற இடத்துல ஈரம் புகுந்தா அரிப்பு அங்கதான் ஆரம்பிக்கும், ரிவெட் அடிச்சு மூடின பிறகு அங்க ஸ்ப்ரே கன் போகாது, அதனால துண்டு துண்டா இருக்கும்போதே அடிச்சாகணும். 2024ங்கிற நம்பர் உள்ள அலுமினியக் கலவையில வர்ற ஆல்க்ளாட் தகட்டு மேல சுத்த அலுமினியம் மெல்லிசா படிஞ்சிருக்கும், அதை நம்பி உள்பக்கம் ப்ரைமரே அடிக்காதவங்க உண்டு, அது அவங்க இஷ்டம், ஆனா அந்த படலத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு ப்ரைமரும் அடிக்காம விட்டா வம்புதான். இரும்பு நார் வச்சு தேய்க்கவே கூடாது, அதோட துகள் ஒட்டிக்கிட்டு அங்கயே அரிக்கும்.

சுத்தம் பண்ணதும் தண்ணி ஊத்தி பாக்கணும். பாய் விரிச்ச மாதிரி பரவினா சரி, முத்து முத்தா பிரிஞ்சா எண்ணெய்ப் பசை இன்னும் போகலைன்னு அர்த்தம். ஒரு தடவை சோம்பேறித்தனத்துல இதை விட்டுட்டேன், கையுறையும் போடல, ப்ரைமர் என் கட்டைவிரல் வச்ச இடத்துல மட்டும் அழகா உரிஞ்சு வந்துச்சு, போலீஸ் ஸ்டேஷன்ல கூட ரேகை அவ்ளோ தெளிவா விழாது.

ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயிண்டோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஒரு தடவை ஒவ்வாம போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். துணி மாஸ்க் எல்லாம் வேலைக்கு ஆகாது, வெளியிலேர்ந்து குழாய்ல நல்ல காத்து வர்ற மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும்.

இதை விட முக்கியமா உங்க கட்டுரையில விட்டுப்போனது எலிவேட்டர், எய்லரான் சமாச்சாரம், அதாவது விமானத்தை ஏத்தி இறக்க வால்லயும், சாய்க்க இறக்கையிலயும் கீல்ல அசையுற பலகைங்க. அதுல பெயிண்ட் ஏறினா கீலுக்கு பின்னாடி கனம் கூடிடும், வேகத்துல போகும்போது அது படபடன்னு துடிக்க ஆரம்பிச்சா நொடியில பிச்சுக்கிட்டு போயிடும். அதனால பெயிண்ட் காஞ்சதும் மறுபடி பேலன்ஸ் பாத்தே ஆகணும், நாங்க எலிவேட்டர் முன்பக்கத்துல ஈயம் சேர்க்க வேண்டி வந்துச்சு. விமானத்தையும் திரும்ப எடை போட்டோம். இதை மட்டுமாவது ஒரு சின்ன திருத்தமா போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்