மெட்ரோ கதவை உயர்த்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெட்ரோ நிலையங்களில் டிக்கெட் இல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறவர்களுக்கு அபராதத்தைப் பத்து மடங்காக்க வேண்டும், கதவையும் ஆளுயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மெட்ரோவே இல்லாத காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் எழுத உங்களுக்கு என்ன வந்தது என்று வீட்டில் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக கேட், கிரில், ரோலிங் ஷட்டர் பட்டறை வைத்திருக்கிறேன். கதவைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது (ஊர் பெயர் வேண்டாம்) ஒரு மெட்ரோ நிலையத்தில் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு காலை வேளையில் அரைமணி நேரம் நின்றேன். ஆறு கதவுகள். அதில் படிக்கட்டுப் பக்கம் இருந்த கதவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மூடிய நிலையிலும் இரண்டு விரல் அளவுக்கு ஆட்டம் இருந்தது. காலேஜ் பையன்கள் நேராக அந்தக் கதவுக்குத்தான் வந்தார்கள். இடுப்பால் ஒரு இடி, உள்ளே போய்விட்டார்கள். மற்ற ஐந்தையும் அவர்களில் ஒருவரும் தொடவில்லை. அதாவது தேய்மானம் தனி, திருட்டு நுழைவு தனி என்று பிரித்துப் பேசுவதே தப்பு. தேய்ந்த கதவு "என்னைத் தள்ளு" என்று கூப்பிடுகிறது, தள்ளத் தள்ள இன்னும் தேய்கிறது. அபராதத்தை எவ்வளவு ஏற்றினாலும் அந்த இரண்டு விரல் ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், பெரிய மாயமில்லை. ஒரு மோட்டார் பலகையை ஆட்டுகிறது, ஒரு பிரேக் அதைப் பிடித்து நிறுத்துகிறது, வழி நெடுகப் பதித்திருக்கும் ஒளிக் கண்கள் போவது ஒருவரா, ஒட்டிக்கொண்டு போகும் இருவரா என்று பார்க்கின்றன. யாராவது பலமாக இடித்தால் அந்த விசை கியர் பல்லுக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு கிளட்ச் வழுக்கிக் கொடுத்து, அலாரம் அடித்து, பலகை திரும்பத் தன் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அந்தக் கிளட்சைத் தளர்வாக வைத்தால் பையன்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், இறுக்கிவிட்டால் கியர் பல் போகும், இல்லாவிட்டால் யாராவது ஒரு பாட்டியின் மணிக்கட்டு போகும். தீப்பிடித்தாலோ கரண்ட் போனாலோ கதவு தானாகத் திறந்து வழிவிட வேண்டும் என்பதும் இருக்கிறது. அதனால் இதை பேங்க் லாக்கர் மாதிரி செய்ய முடியாது. எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்து செய்வதுதான் வேலை.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளின் முகப்புக் கதவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பர்மா தேக்கு, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கச் சிரமம், ஆனால் ஒரு கையால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கும். கீலில் தொங்காமல் குடுமியில், அதாவது கதவோடு சேர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளையில், நிற்கிற கதவு அது, பாரம் முழுக்க கீழே குழிக்குள் இறங்கிவிடுகிறது. தேய்வது அந்தக் குடுமியும் குழியும்தான், அதைச் சரிசெய்தால் போதும், கதவுக்கு ஒன்றும் ஆகாது. எங்கப்பா அதில் விளக்கெண்ணெய் விடுவதற்கென்றே மாதம் ஒரு நாள் சைக்கிளில் கிளம்புவார்.

கதவை உயர்த்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பூட்டைப் பெரிதாக்கினால் திருடன் நாதாங்கியைப் பெயர்ப்பான் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நியூயார்க்கில் பஸ், ரயில், பாலச் சுங்கம் எல்லாம் சேர்த்து 2022இல் மட்டும் 69 கோடி டாலர் கட்டணம் வராமல் போனதாக அந்தப் போக்குவரத்து நிர்வாகம் அமைத்த குழுவே சொன்னது. அங்கே மூன்று கை கொண்ட சுழல்தடுப்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, அந்த இடைவெளியில் நுழைந்துவிடுவார்கள். சுழல்தடுப்பின் உள்பாகத்தை மாற்றி அந்த வழியை அடைத்தார்கள். தாண்டிக் குதிக்காமலிருக்க மேலே தகடு வைத்தார்கள். ஆனால் பக்கத்திலேயே அவசர வாசல் இருக்கிறதே! ஒருவர் வெளியே வரத் திறந்தால் பத்துப் பேர் உள்ளே போனார்கள். கடைசியில், தள்ளிய பிறகு 15 விநாடி கழித்துத் திறக்கிற மாதிரி அந்த வாசலை வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. சான்பிரான்சிஸ்கோ பக்கத்து பார்ட் ரயிலில் 9 கோடி டாலர் செலவில் 50 நிலையங்களுக்கும் ஆறடிக் கதவு போட்டு 2025 ஆகஸ்டில் முடித்தார்கள், சரி, அவர்களிடம் பணம் இருந்தது. அங்கேயும் உயரம் மட்டும் இல்லை, மூடியபின் பலகையைத் தள்ள முடியாதபடி பிடிக்கிற பூட்டையும் சேர்த்துத்தான் மாற்றினார்கள். நாம் உயரத்தை மட்டும் பார்த்துக் காப்பியடித்தால் உயரமான, ஆடுகிற கதவுதான் கிடைக்கும்.

சென்னையில் இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டருக்கு வேலை நடக்கிறது, கதவுகள் நிறைய வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று காலண்டரைப் பார்த்து சர்வீஸ் செய்யாமல், எத்தனை லட்சம் முறை திறந்து மூடியது என்ற கணக்கைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். படிக்கட்டுப் பக்கத்துக் கதவு ஒரு வருடத்தில் வாங்குகிற அடியைக் கடைசி ஓரத்துக் கதவு பல வருடத்துக்கும் வாங்காது. கார் டயரை மாற்றி மாற்றிப் போடுகிறோமே, அந்த மாதிரி நுழையும் வழி, வெளியேறும் வழியையும் அவ்வப்போது மாற்றிவிடலாம், கன்ட்ரோல் ரூமிலிருந்தே செய்யக்கூடிய வேலைதான். உப்புக்காற்றில் கதவு துருப்பிடிப்பதைப் பற்றி யோசனை வேண்டுமென்றால் எங்கள் ஊர் சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வரட்டும், 1953 முதல் துருவை ஆராய்கிறார்கள், மண்டபத்தில் கடலோரமாக அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. அப்புறம் அகலமான கதவு. நிலையத்துக்கு ஒன்று வைத்துவிட்டு, வீல்சேர், தள்ளுவண்டி, ஊரிலிருந்து மூட்டையோடு வருகிறவர் எல்லோரையும் அதில் நிற்கச் சொன்னால் பொறுமை இழந்தவர் பக்கத்துக் கதவில்தான் மோதுவார்.

நான் பார்த்தவரை அன்றைக்குக் கதவை இடித்தவர்களில் பாதிப் பேர் கையில் டிக்கெட் இருந்தது. பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறார்கள், ஆள் தாண்டியதும் கதவு மூடுகிறது, பெட்டி மாட்டுகிறது, பதறிப்போய் இழுக்கிறார்கள். பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போங்கள் என்று தரையில் ஒரு படம் வரைந்து வைத்தால் போதும், பெயின்ட் செலவுதான். மாப்பிள்ளை வந்து நாங்கள் உள்ளே போனபோது என் கட்டைப்பையும் அப்படித்தான் மாட்டியது. அத்தனை நேரம் நின்று பார்த்த நானே வெடுக்கென்று இழுத்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மகளுக்குக் கொண்டுபோன சீப்புச்சீடை டப்பாதான் நசுங்கிவிட்டது.

இப்படிக்கு,
கிரில் பட்டறைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.