நைனா வரட்டும்னு சொல்லாதீங்க

கண்ணு, துன்னியா? போன் பண்ணா டூட்டில இருக்கேம்மான்னு வச்சிடுற, அதனால வாட்ஸப்லயே டைப் பண்றேன், ரூமுக்கு போயி நிதானமா படி.

போன ஞாயித்துக்கிழமை நீ வீடியோ கால் போட்டப்போ புள்ள வரலன்னதும் தூங்குறான் போலன்னு நெனச்சுகினு வச்சிட்ட இல்ல, அவன் தூங்கலடா. கட்டிலுக்கு கீழ பூந்துகினு இருந்தான். காலைல இட்லி தட்ட தட்டி உட்டுட்டான்னு உன் பொண்டாட்டி "இரு, அப்பா போன் பண்ணட்டும், சொல்றேன்"னா, மத்தியானம் தூங்கலன்னு அதையே சொன்னா, சாயங்காலமும் அதேதான். ராத்திரி உன் ரிங் சத்தம் கேட்டதும் புள்ளைக்கு மூஞ்சே மாறிடுச்சி. நாலு வயசு, உன்ன தொட்டு பாத்தே எட்டு மாசம் ஆவுது, அவனுக்கு நீன்னா அந்த ரிங் சத்தம்தான், அதுவே பயமா போயிட்டா அவனுக்கு அப்பான்னு இன்னா மிச்சம் இருக்கும் சொல்லு?

அவ மேல எனக்கு கோவம் இல்ல. தனி ஆளா ஒரு புள்ளய வச்சிகினு இருக்கறவளுக்கு வாயில வர்ற மொத வார்த்த அதுதான். நான் சொல்லாததா? உங்க நைனா லாஞ்ச்ல மீன் புடிக்க போனா திரும்ப பத்து நாள் ஆவும், நான் விடிகாலைல காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து வண்ணாரப்பேட்டைல வித்துட்டு வந்து உங்க ரெண்டு பேரையும் பாக்கணும், கைல இருந்த ஒரே ஆயுதம் "நைனா வரட்டும்"தான்.

நீ மூணாங்கிளாஸ் படிக்கசொல்ல என் சுருக்குப்பைலேர்ந்து பத்து ரூபா எடுத்து காத்தாடியும் மாஞ்சாவும் வாங்கிட்ட. எட்டு நாள் கழிச்சி அவரு வந்து எறங்குறாரு, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, சரியா தூங்கி எத்தினி நாளோ, நான் சோறு போடறதுக்கு முன்னாடி அத போட்டு குடுத்தேன். பெல்ட்ட கழட்டிட்டாரு. அடிச்சி முடிச்சி ராத்திரி நீ என்கிட்ட "நைனா எதுக்கும்மா அடிச்சாரு"ன்னு கேட்ட. நீ மறந்தே போயிருந்த. அதுக்கப்புறம் லாஞ்ச் வந்துடுச்சின்னு யாராவது சொன்னா நீ ஆயா வீட்டுக்கு ஓடிடுவ, நான் அதையும் பாத்துகினுதான் இருந்தேன், ஆனா நிறுத்தல.

2004 டிசம்பர்லயும் அப்படிதான். டியூஷன் கட் அடிச்சிட்டு கேரம் ஆட போயிட்ட, நான் வழக்கம்போல நைனா வரட்டும்னுட்டேன். ரெண்டாவது நாள் ஞாயித்துக்கிழமை காலைல கடல் உள்ள வந்துடுச்சி. உங்க ரெண்டு பேரையும் இழுத்துகினு வண்ணாரப்பேட்ட பக்கம் ஓடினேன். ஹார்பர்ல கட்டி இருந்த லாஞ்ச்சுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நொறுங்கி கெடக்குன்னு சொல்றாங்க, அவரு கடல்ல, ஒரு சேதியும் இல்ல. ராத்திரி நீ என் முந்தானைய புடிச்சிகினு "நைனா வந்து அடிக்கட்டும்மா, பரவால்ல, வந்தா போதும்"ன்ன. இப்போ டைப் பண்றப்பவும் கை நடுங்குது.

ரெண்டு நாள் கழிச்சி வந்தாரு. ஆழத்துல எங்களுக்கு ஒண்ணுமே தெரியலடி, கரைய பாத்ததும்தான் வயிறு கலங்கிச்சின்னாரு. நீ சொன்னத சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "இனிமே நான் எறங்குனதும் புள்ளைங்கள பத்தி எந்த புகாரும் என்கிட்ட சொல்லாத"ன்னாரு.

அடுத்த மீன்புடி தடைக்காலத்துல உன்ன கூட்டிகினு போயி வலை தைக்க உக்கார வச்சாரு. இன்னா பேசுனீங்கன்னு நான் கேட்டதே இல்ல. ஒம்போதாவதுல நீ கணக்குல ஃபெயில் ஆனப்போ நான் வாயே தொறக்கல, நீயே விடிகாலைல ஹார்பருக்கு போயி எறங்குன மனுஷன்கிட்ட சொன்ன. "சரி, மொதல்ல இந்த கூடைய புடி"ன்னாராம். ரெண்டு பேரும் பேசிகினே நடந்து வந்தீங்க, ஆயா வீட்டுக்கு ஓடுன புள்ளயா இதுன்னு நான் வாசல்ல நின்னு பாத்தேன்.

அதனாலதான் சொல்றேன். புள்ள தப்பு பண்ணா கூட இருக்கற நாங்க அப்பவே கேக்கணும், அப்பவே முடிச்சிடணும், அவ கேட்டா போதும், அது உன் கணக்குல வரக்கூடாது. இத உன் பொண்டாட்டிகிட்ட நீதான் சொல்லணும், நான் சொன்னா மாமியார் சொன்னதா ஆயிடும், அதுவும் அவள குத்தம் சொல்லாம சொல்லு, நாள் பூரா அவதான் அவன் பின்னாடி ஓடுறா. லீவுல வர்ற முப்பது நாள்லயும் அவன திருத்தறேன்னு கெளம்பிடாத, பெட்டி நெறைய சாக்லேட் எடுத்துனு வந்தா ஆச்சின்னும் இருந்துடாத. திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன்ல நின்னு மெட்ரோவ எண்ணிகினே இருப்பான், கூட நின்னு நீயும் எண்ணு.

நேத்து ஸ்கூல்ல ஒண்ணு பண்ணிட்டு வந்திருக்கான். இன்னான்னு நான் சொல்ல மாட்டேன், அவகிட்டயும் சொல்லாதன்னு சொல்லி வச்சிருக்கேன், அவனே சொல்லட்டும். இன்னிக்கி நம்ம ஊரு டைம் எட்டு மணிக்கு போன் போடு. ஸ்கூல பத்தி நீயா கேக்காத. போன அவன் கைல குடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் மாடிக்கு போயிடறோம்.

அம்மா